கரையோரத்துப் பாறைக்குத் தோட்டா போடலாமா?

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ஊரில் வள்ளங்கள் கரையேறும் வழியில், கரையிலிருந்து 200 மீட்டருக்குள், தண்ணீருக்கடியில் ஒரு பாறை கிடக்கிறதாம். அதன் உச்சிக்கு மேல் ஒன்றரைப் பாகம், அதாவது ஒன்பது அடித் தண்ணீர்தான் நிற்கிறது. அலை இழுக்கும் நேரத்தில் அதுவும் குறைகிறது. எஞ்சினின் புரொப்பல்லர் அதில் அடிபட்டு உடைவது வாடிக்கையாகிவிட்டது. ஊருக்குப் பழக்கமான ஒரு குவாரிக்காரர், "பத்து தோட்டா போட்டா காலையில பாறையே இருக்காது" என்கிறாராம். தண்ணீருக்குள் வெடி வேலை செய்யுமா, கரைக்கு இவ்வளவு பக்கத்தில் செய்யலாமா, யாரிடம் அனுமதி கேட்பது என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் துறைமுக வேலைகளில் 26 வருடம் இருந்தவன். கடலடிப் பாறை உடைக்கும் வேலையில் மூன்று இடங்களில் நின்றிருக்கிறேன், அதில் இரண்டில் வெடி உண்டு. சொந்த ஊர் முட்டத்துக்குப் பக்கம். அப்பா குவாரியில் வெடிக்குக் குழி போட்டவர். அதனால் குவாரிக்காரர் என்ன நினைத்து அப்படிச் சொன்னார் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது.

குவாரியில் ஒரு பெரிய உருண்டைக் கல் விழுந்து கிடந்தால், குழி போட நேரமில்லாதபோது வெடிமருந்தைக் கல்லின் மேலேயே வைத்து, மண்ணைப் பிசைந்து அப்பி, திரி கொளுத்துவார்கள். கல் பிளந்துவிடும். கடலில் மண்ணுக்குப் பதிலாகத் தண்ணீரே மேலே நின்று அமுக்கும், அப்படியே வைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. இது புதுக் கணக்கும் இல்லை. நியூயார்க்கில் ஈஸ்ட் ஆற்றின் ஹெல் கேட் என்ற இடத்தில், 1851-இல் மெய்ஃபெர் என்ற பிரெஞ்சுக்காரர் இதைத்தான் செய்தார். பாறையின் மேல் மருந்து டப்பாவை இறக்கி வெடித்தார். துருத்திக்கொண்டிருந்த கொம்புகள் எல்லாம் பறந்தன, எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் கொம்பு போய்த் தட்டையான உடம்பு வந்ததும் மருந்து செலவானதே தவிர, பாறை அசையவில்லை. மேலே வைக்கும் மருந்தின் சக்தியில் பெரும்பங்கு தண்ணீருக்குத்தான் போகிறது, பாறைக்குள் இறங்குவது கொஞ்சம்தான். கடைசியில் அந்த இடத்தைச் சரி செய்தவர் ஜான் நியூட்டன் என்ற ராணுவ எஞ்சினியர். அவர் மருந்தைப் பாறைக்கு மேலே வைக்கவில்லை. செங்குத்தாகக் குழி இறக்கி, பாறையின் வயிற்றுக்குள் வருடக்கணக்கில் சுரங்கம் குடைந்து, உள்ளே மருந்தை நிரப்பி, 1885 அக்டோபர் 10 அன்று ஃப்ளட் ராக் என்ற பாறையை ஒரே வெடியில் உடைத்தார்.

ஆகவே தம்பியின் முதல் கேள்விக்குப் பதில்: தண்ணீருக்குள் வெடி வேலை செய்யும். பாறையை உடைக்கும் வேலையை மட்டும் அரைகுறையாகச் செய்யும், மற்ற எல்லா வேலையையும் முழுதாகச் செய்துவிடும்.

அந்த "மற்ற வேலை" என்ன என்று புரிய, தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்றை அமுக்கினால் அமுங்கும். வெடியின் அடியைக் காற்று வாங்கிக்கொண்டு தளர்த்திவிடும். தண்ணீர் அமுங்காது. காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. அதில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் போகிறது, காற்றில் 340 தான். ஆகவே வெடித்த கணத்தில் பிறக்கும் அழுத்த அலை, காற்றில் போவதைவிட எத்தனையோ மடங்கு தூரம் தன் கூர்மை குறையாமல் போகும். அது முடிந்ததும் வெடித்த வாயு ஒரு பெரிய குமிழியாக ஊதிச் சுருங்கி, மறுபடி ஊதும். ஒவ்வொரு தடவையும் இன்னொரு அடி. கரையில் நிற்பவனுக்கு 'தொம்' என்று ஒரு சத்தமும் கொஞ்சம் நீர்த்தெறிப்பும்தான். அதே தூரத்தில் தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் காது, நுரையீரல், குடல் என்று உடம்பில் காற்று இருக்கும் இடமெல்லாம் அடி விழும். நம் கடற்கரையில் இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. குளச்சல், கடியபட்டணம், முட்டம் பக்கமெல்லாம் சிப்பி எடுக்கப் பாறைகளைச் சுற்றி முக்குளிப்பவர்கள் உண்டு. அவர்கள் எந்த நேரம் எந்தப் பாறையில் இறங்குவார்கள் என்று கரையில் நிற்கும் யாருக்கும் தெரியாது. தண்ணீருக்கு மேலே ஒரு மிதவையும் ஒரு வலைப்பையும்தான் தெரியும். அதுவும் வெயில் சரியாக இருந்தால்.

மீனுக்கு வருவோம். எலும்புமீன்களில் பலவற்றுக்கு வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது, மிதப்பதற்கு. அழுத்த அலை பட்டதும் அது கிழியும். கிழிந்த மீன்களில் கொஞ்சம் மிதக்கும், மிச்சம் அடியில் போய்ப் படியும். "நாலு கூடை மீன்தானே செத்தது" என்று மிதந்ததை மட்டும் எண்ணிச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடியில் போனதை யாரும் எண்ணுவதில்லை. சுறாவுக்கும் திருக்கைக்கும் காற்றுப்பை இல்லாததால் அவை ஓரளவு தப்பும். இறாலும் சிங்கியும்கூட அடியைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் சிங்கி இறால் குடியிருப்பதே பாறையின் இடுக்கில்தான். வீட்டை இடித்துவிட்டு ஆள் தப்பித்தான் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? சிப்பியும் அப்படித்தான். கன்னியாகுமரி முதல் கொல்லம் வரையான பாறைக் கடற்கரை பழுப்புச் சிப்பிக்குப் பேர்போனது. அது பாறையின் தோலில் ஒட்டி வாழ்வது. இப்போது வள்ளத்துக்குத் தொல்லையாக இருக்கும் அந்தப் பாறையில் வருடத்துக்கு எத்தனை குடும்பம் சிப்பி எடுக்கிறது என்று தம்பி ஊரில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும்.

சரி, முறையாகச் செய்தால் எப்படிச் செய்வார்கள்? நியூட்டன் செய்ததன் சுருக்கமான வடிவம்தான் இன்றைக்கும் நடக்கிறது. மருந்து பாறைக்கு வெளியே இருக்கக்கூடாது, உள்ளே இருக்க வேண்டும். ஒரு மேடையைக் கடலில் நிறுத்தி, அங்கிருந்து இரும்புக் குழாயை மணலையும் சேற்றையும் தாண்டிப் பாறை வரை இறக்கி, அதற்குள்ளே துளைக்கம்பியை விட்டுக் குழி போடுவார்கள். ஆழப்படுத்த வேண்டிய அளவையும் தாண்டிக் குழி இறங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு குழிக்கு நடுவே பாறை மேடு மேடாக நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து. தண்ணீரில் கரையாத மருந்தை அடியில் இறக்கி, மேல்பகுதியைக் கல்துகளால் அடைப்பார்கள். எல்லாக் குழியும் ஒரே கணத்தில் வெடிக்காமல், நொடியில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வெடிக்கும்படி இணைப்பார்கள். இப்படிச் செய்யும்போது தண்ணீருக்குள் போகும் அடி, வெளியே வைத்து வெடிப்பதைவிட மிகவும் குறைந்துவிடும். பாறையும் ஒழுங்காக உடையும். உடைந்ததை வாரி எடுக்கத் தனியாக ஒரு எந்திரம். இதையும் மறந்துவிடுவார்கள். உடைந்த பாறை கரைந்து போகாது. முன்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேயே கிடக்கும். தோட்டா போட்டால் காலையில் பாறை இருக்காது என்பது இந்த வகையிலும் பொய். ஒரு பாறைக்குப் பதில் காலையில் நூறு கூர்க்கல் இருக்கும், அலைக்கு அலை இடம் மாறும்.

இதில் மருந்து சின்ன வேலை. அசையாமல் நின்று குழி போடுவதுதான் பெரிய வேலை. கனடாவின் மேற்குக் கரையில் ரிப்பிள் ராக் என்று ஒரு கடலடிப் பாறை நிறையக் கப்பல்களைக் காவு வாங்கியது. 1940-களில் இரண்டு தடவை, மிதக்கும் மேடையிலிருந்து குழி போட்டு உடைக்கப் பார்த்தார்கள். நீரோட்டம் மேடையை நிற்கவிடவில்லை. இரண்டு தடவையும் கைவிட்டார்கள். கடைசியில் பக்கத்துத் தீவில் கீழே இறங்கி, கடலடியில் முக்கால் கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம் வெட்டி, பாறைக்குள் அடியிலிருந்து ஏறி, 1,270 டன் மருந்தை நிரப்பி 1958 ஏப்ரல் 5 அன்று வெடித்தார்கள். அதுவரை வெடித்தவற்றில் அணுகுண்டைத் தவிர்த்த மிகப்பெரிய திட்டமிட்ட வெடிப்புகளில் அதுவும் ஒன்று. மருந்து கிடைக்காமல் அவர்கள் பதினைந்து வருடம் காத்திருக்கவில்லை. நிற்க இடம் கிடைக்காமல் காத்திருந்தார்கள்.

நம் கடலில் நீரோட்டத்தைவிட அலைதான் எதிரி. தெற்கே அண்டார்டிகா வரை தடுக்க ஒரு நிலமும் கிடையாது. எங்கேயோ அடிக்கும் புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். அதைத்தான் கள்ளக்கடல் என்கிறோம். ஒரு தடவை வேறொரு மாவட்டத்தில் வேலை. பெயர் வேண்டாம். நாலு நங்கூரம் போட்ட பார்ஜில் இருந்து குழி போட்டுக்கொண்டிருந்தோம். ஒன்பது குழிக்கு மருந்து இறக்கியாயிற்று, பத்தாவது குழியில் கம்பி இருக்கும்போது மத்தியானம் அலை ஏற ஆரம்பித்தது. மேடை ஒன்றரை மீட்டர் ஏறி இறங்கியது. கம்பி வளைந்து குழாயோடு சிக்கியது. மேலிடத்தில் "இன்றைக்கே வெடித்துவிடு" என்றார்கள். அவசரத்தில் இணைத்து வெடித்தோம். ஒன்பதில் எத்தனை வெடித்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு இணைப்புக் கம்பி அறுந்து மிதந்து வந்தபோதுதான் உள்ளே மருந்து மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தது. குவாரியாக இருந்தால் காத்திருந்து, போய்ப் பார்த்து, கண்ணால் கண்டு சரி செய்யலாம். அங்கே ஆறு மீட்டர் கலங்கல் தண்ணீர், மேலே அலை. மூன்று நாள் யாரையும் அந்தப் பக்கம் விடாமல் காவல் காத்தோம். நாலாவது நாள் முக்குளிப்பவர் ஒருவர் தடவித் தடவி இரண்டு குழியைக் கண்டுபிடித்தார். அந்த மூன்று நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. வெடிக்காத மருந்தின் மேல், கடலடியைத் தோண்டி வாரும் டிரெட்ஜர் எந்திரத்தின் வாளி போய் அடித்த கதைகளை எங்கள் தொழிலில் கேட்காதவர் இல்லை. தோட்டா போட்டுவிட்டுப் போகும் குவாரிக்காரர் அந்தக் காவலுக்கு நிற்பாரா?

இனிக் கரை. 200 மீட்டர் என்பது கடல்காரனுக்கு ஒரு தூரமே இல்லை. நம் ஊர்களில் வீடுகள் மணலின் மேல் நெருக்கி நெருக்கிக் கட்டியவை. வெடியின் அதிர்வு பாறை வழியாக வந்து, நீர் ஊறிய மணலில் மெதுவாக, நீளமாக ஆடும். இந்த மெதுவான ஆட்டம்தான் கட்டடத்துக்குக் கெடுதல். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில், சாதாரண வீடுகளுக்கு அதிர்வின் வேகம் எவ்வளவு வரை போகலாம் என்று வரம்பு இருக்கிறது. நொடிக்கு 8 தடவைக்குக் கீழே ஆடும் அதிர்வென்றால் வேகம் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 25 தடவைக்கு மேல் என்றால் 15 மில்லிமீட்டர். பழைய, பேணத்தக்க கட்டடங்களுக்கு இதைவிடக் கடுமை: 2 மில்லிமீட்டரில் ஆரம்பம். சுரங்கங்களுக்காக வந்த வரம்பு என்றாலும், மற்ற வெடி வேலைகளிலும் இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கடற்கரை ஊரில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கோவில் கோபுரமும் அதில் ஏற்கெனவே இருக்கும் விரிசலும் நினைவுக்கு வருகிறதா? வெடிக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் படமெடுத்து வைக்காவிட்டால், அப்புறம் வரும் சண்டையில் பழைய விரிசல் எது, புது விரிசல் எது என்று பங்குத்தந்தையாலும் தீர்த்துவைக்க முடியாது.

ஆனால் இதுவரை சொன்ன எதுவும் என்னுடைய முக்கியமான தயக்கம் இல்லை. பணம் இருந்தால், பொறுமை இருந்தால், இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. என் தயக்கம் வேறு. அந்தப் பாறை அங்கே சும்மா கிடக்கவில்லை. ஒன்றரைப் பாகத்தில் உச்சி உள்ள ஒரு பாறையில் பெரிய அலை வந்து தடுக்கி உடைகிறது. உடைந்த அலைக்குக் குறைந்த சக்திதான் மிச்சம். அதுதான் கரைக்கு வருகிறது. பாறைக்குப் பின்னால் கரை கொஞ்சம் கடலுக்குள் தள்ளி, மணல் கூடி நிற்கிறதா என்று தம்பி பார்க்க வேண்டும். நிற்கிறது என்றால் அது பாறை போட்ட மணல். பாறை போனால் மணலும் போகும், மணலுக்குப் பின்னால் இருக்கும் வீடும் போகும். நம் மாவட்டத்தின் கடற்கரை மொத்தம் 70 கிலோமீட்டர் சொச்சம். அதில் தூண்டில் வளைவும் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்தடுப்பு) தடுப்புச் சுவரும் கேட்டுப் போராடாத ஊர் எது? கல்லைக் கொட்டிக் கொட்டி நாம் கட்டப் பார்க்கும் அதே தடுப்பை, கடல் ஒரு இடத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதை உடைத்துவிட்டு, அடுத்த வருடம் தூண்டில் வளைவு வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்துக்குப் போவோமா?

கன்னியாகுமரியில் இதற்குக் கண்ணுக்கு முன்னே ஒரு உதாரணம் இருக்கிறது. விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும், வள்ளுவர் சிலைக்குப் பல நாள் போகாது. நீர்மட்டம் தாழ்ந்தால் சுற்றிலும் பாறை தட்டும். அதற்காக யாரும் அந்தப் பாறைகளை உடைக்கப் போகவில்லை. இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் கட்டினார்கள். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பாலத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு, அதை இங்கே எடுக்கவில்லை. பாறையை விட்டுவிட்டு வழியை மாற்றினார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

சரி, எடுத்தே ஆக வேண்டும் என்றால்? முதலில் அது என்ன கல் என்று தெரிய வேண்டும். நம் கரையில் இரண்டு வகை கிடக்கிறது. ஒன்று, மலைத்தொடரின் வால் கடலுக்குள் இறங்கும் கல். சார்னோகைட், நைஸ் என்று புவியியல்காரர்கள் சொல்லும் கருங்கல் வகை. நல்ல கல்லென்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் பாரம் தாங்கும். இன்னொன்று, மணலும் சிப்பி ஓடும் சுண்ணாம்பால் ஒட்டிக் கெட்டியான கரைக்கல். பார்க்கப் பாறை மாதிரியே இருக்கும். கம்பியால் ஓங்கிக் குத்தினால் பொரியும். இரண்டாவது வகை என்றால் வெடி என்ற பேச்சே தேவையில்லை. வெட்டி உறிஞ்சும் டிரெட்ஜரின் பல் அதைக் கடித்துவிடும். முதல் வகைக்கு அந்தப் பல் நிற்காது.

கருங்கல்லுக்கும் வெடியில்லாத வழிகள் இருக்கின்றன. பழைய வழி, பல டன் எடையுள்ள கூர்முனை இரும்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு உடைப்பது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சூயஸ் கால்வாயிலேயே அப்படி உடைத்திருக்கிறார்கள். இப்போது அதன் இடத்தில், ஹிட்டாச்சி கையில் மாட்டும் பிரேக்கர் வந்துவிட்டது. தண்ணீருக்குள் வேலை செய்ய அதற்குள் காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும், மற்றபடி ரோட்டோரம் பார்க்கும் அதே சாதனம்தான். இன்னொன்று ஊதும் பொடி. குழிக்குள் தண்ணீரோடு கலந்து ஊற்றினால் சுண்ணாம்பு வேகிற மாதிரி வீங்கி, சத்தமில்லாமல் ஒரு நாளில் பாறையைப் பிளக்கும். கல் தச்சர்கள் வரிசையாகக் குழி வெட்டி ஆப்பு அடித்துப் பிளக்கும் அதே தந்திரம்தான், ஆப்புக்குப் பதிலாகப் பொடி. கடலில் பொடி அலையில் கலைந்து போகாமல் பையில் போட்டு இறக்க வேண்டும், வேலை மெதுவாகத்தான் நடக்கும். வைரக் கம்பியால் அறுப்பதும் உண்டு, நம் பட்ஜெட்டுக்கு வேண்டாம்.

தம்பி சொல்லும் ஆழத்துக்கும் தூரத்துக்கும் எனக்குத் தோன்றும் வழி இதுதான்: கரையிலிருந்து தற்காலிகமாகக் கல்லைக் கொட்டி ஒரு பாதை போட்டு, அதன் மேல் எந்திரத்தை ஓட்டிக்கொண்டு போய், பிரேக்கரால் பாறையின் உச்சியை மட்டும் ஒரு பாகம் குறைப்பது. முழுப் பாறையையும் பெயர்க்க வேண்டாம். வள்ளத்துக்குத் தேவை ஆழம், பாறையின் சமாதி இல்லை. வேலை முடிந்ததும் கொட்டிய கல்லைத் திரும்ப அள்ளிவிட வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால் யாரும் அள்ளமாட்டார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். குஜராத்தின் காம்பே வளைகுடா மாதிரி ஓதம் பத்து மீட்டர் ஏறி இறங்கும் இடமாக இருந்தால், நீர் வற்றிய நேரத்தில் நடந்துபோய் உடைத்துவிட்டு வரலாம். நமக்கு ஓதம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. பாறை எப்போதும் தண்ணீருக்குள்தான்.

எப்போது செய்வது என்பதிலும் சிக்கல். மேற்குக் கரைப் பக்கம் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் கடல் எந்திரத்தை நிற்க விடாது. கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை தொழில் நடக்கும், பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுவதும் அந்த மாதங்களில்தான். யாருக்கும் நட்டமில்லாத மாதம் என்று ஒன்று நாட்காட்டியில் கிடையாது. ஊர் கூடி எந்த வாரம் தொழிலை விடலாம் என்று முடிவு செய்ய வேண்டியதுதான்.

அனுமதி பற்றிச் சுருக்கமாக. வெடிமருந்தை வாங்க, வைக்க, கொண்டுபோக, வெடிக்க எல்லாவற்றுக்கும் 1884 வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் உண்டு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பு அதைப் பார்க்கிறது. குவாரிக்காரரின் உரிமம் அவர் குவாரிக்குத்தான். அந்தத் தோட்டாவில் ஒன்றைக் கடலுக்குக் கொண்டுவந்தாலும் உரிமம் இல்லாத மருந்துதான். அதில் உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து வரும்படி வெடித்தால் 1908-ஆம் வருடச் சட்டத்தில் ஆயுள் தண்டனை வரை இடமிருக்கிறது. தண்ணீரில் வெடி போட்டு மீன் கொல்வதை 1897-ஆம் வருட மீன்வளச் சட்டமே தடுத்திருக்கிறது. "பாறைக்குத்தான் போட்டோம், மீனுக்கு இல்லை" என்று மிதக்கும் மீனை வைத்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? அப்புறம் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை. அது கரைக்கு மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். தாழ்நீர்க் கோட்டிலிருந்து 12 கடல் மைல் வரை உள்ள கடலும் கடலடியும் அதில் ஒரு வகை. ஆகவே பிரேக்கரால் உடைத்தாலும், மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இதெல்லாம் தனி ஆளோ ஊர்க் கமிட்டியோ எடுக்கும் அனுமதி இல்லை. மீன்வளத்துறை எடுத்து, துறை சார்ந்த ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை. ஊர் செய்ய வேண்டியது மனு கொடுப்பது.

அந்த மனுவில் "பாறையை வெடி வைத்து அகற்ற வேண்டும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் இரண்டில் ஒன்று நடக்கும். கோப்பு அப்படியே தூங்கும், அல்லது யாராவது உண்மையிலேயே வெடி வைக்க வந்துவிடுவார்கள். "வள்ளம் வரும் வழியின் ஆழத்தை அளந்து வரைபடம் தர வேண்டும்" என்று எழுதுங்கள். எதிரொலிக் கருவி வைத்த படகு ஒரு நாளில் அளந்துவிடும். நல்ல கடல் இருந்தால் அரை நாள் போதும். அதில் மூன்று விஷயம் தெரியும். பாறை எவ்வளவு அகலம், அதன் இரு பக்கமும் ஆழம் என்ன, அதன் மேல் மணல் ஏறி நிற்கிறதா. மூன்றாவது முக்கியம். நம் மாவட்டத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலும் துறைமுக வாயிலிலும் வள்ளம் கவிழ்ந்த இடங்களில் பலவற்றில் குற்றவாளி மணல்தான், பாறை இல்லை. பக்கத்தில் புதிதாக ஒரு தூண்டில் வளைவு வந்தபிறகு மணல் திசைமாறி, முன்பு ஆழமாக இருந்த பக்கவழி தூர்ந்து, வள்ளங்கள் வேறு வழியின்றிப் பாறையின் மேலாக வர ஆரம்பித்திருக்கலாம். அப்படியானால் எடுக்க வேண்டியது மணலை.

பாறை எப்போதிலிருந்து தட்டுகிறது என்று தம்பி எழுதவில்லை. ஊரில் கட்டுமரம் வலித்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் கேளுங்கள். அந்தக் காலத்தில் மலை உச்சியையும் கோவில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துக் கணியம் பார்த்துத்தான் கரையேறியிருப்பார்கள். அந்தக் கோடு பாறைக்கு எந்தப் பக்கமாக வந்தது என்று அவருக்குத் தெரியும். அளக்க வரும் படகில் அவரையும் ஏற்றி, அந்தக் கோட்டிலேயே முதல் அளவை எடுக்கச் சொல்லுங்கள். ஆழம் இருந்தால் அங்கே இரண்டு மிதவையும் இரவுக்கு ஒரு விளக்கும் போதும்.